மூச்சு முட்டவைத்த நடுக்க மாத்திரை: நிறுத்திவிட்டு எதற்கு மாறுவது?

எங்கள் வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற வீடு. முகப்புத் திண்ணையிலிருந்து வளவு என்கிற நடு முற்றத்தைக் கடந்து, இரண்டாங்கட்டைத் தாண்டி, அடுப்படி வரை அப்பச்சி (அப்பாவை நாங்கள் அப்படித்தான் அழைப்போம்) ஒரு நாளைக்கு நாலு நடை நடப்பார். பார்க்கின்சன் என்கிற நடுக்குவாத நோய் வந்து ஒன்பது வருடம் ஆகியும் அந்த நடை நிற்கவில்லை. போன தை மாதத்தில்தான் பாதி வழியில் வளவுத் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்க ஆரம்பித்தார்.

"காலு வரலையா அப்பச்சி?" என்று கேட்டேன்.

"காலு வருதுப்பா. மூச்சுத்தான் வரல."

அந்த ஒரு பதிலில் எல்லாம் இருந்தது. எங்களுக்கு அது புரிய இரண்டு மாதம் ஆயிற்று. வறட்டு இருமல், எடை குறைதல், சாயங்காலம் லேசாக உடம்பு சுடுதல். எக்ஸ்-ரேயில் வலது பக்க நுரையீரல் உறையில் நீர் கோத்திருந்தது. ஊசி போட்டு எடுத்துப் பார்த்தால் நீரில் லிம்போசைட் என்கிற வெள்ளை அணுக்கள் அதிகம். நம் நாட்டில் இப்படி ஒரு நீரைப் பார்த்ததும் எவருக்கும் முதலில் காசநோய் நினைவுதான் வரும். காசநோய்க் கிருமி எந்தச் சோதனையிலும் அகப்படவில்லை. ஆனாலும் சந்தேகத்தின் பேரில் அதற்கான மருந்து தொடங்கிவிட்டது. ஒரு மாதம் சாப்பிட்டும் இருமல் இருந்தபடியே இருந்தது.

மதுரையில் வேறொரு நெஞ்சக மருத்துவரிடம் போனபோது, படங்களைப் பார்ப்பதற்கு முன்பே "மாத்திரைப் பையக் கொட்டுங்க" என்றார். ஒவ்வொரு பட்டையாகத் தள்ளிக்கொண்டே வந்தவர் நடுக்கத்துக்கான புரோமோகிரிப்டினில் விரலை வைத்தார். "இது எத்தனை வருசமா?" ஆறு வருடம், ஒரு நாளைக்கு 20 மில்லிகிராம். ஆத்தா அப்போதுதான் வாயைத் திறந்தார்: "அதத்தானே நான் வேளை தவறாம எண்ணி எண்ணிக் குடுத்தேன்."

இதே நிலையில் இருக்கும் வீடுகளுக்காக, நாங்கள் எடைபோட்டுப் பார்த்த வழிகளை எழுதுகிறேன். நான் மருத்துவன் அல்ல, இரும்புக் கடைக்காரன். எந்த மாற்றத்தையும் நரம்பு மருத்துவர் கையால்தான் செய்ய வேண்டும். ஆனால் அவர் முன் உட்காரும்போது என்ன கேட்பது என்று தெரிந்திருந்தால் அந்தப் பத்து நிமிடம் வீணாகாது.

முதலில் எதிராளி யாரென்று பார்த்துவிடலாம். கம்பு விதைத்த குடும்பங்களுக்குத் தேன் ஒழுகல் நோய் தெரியும். கதிரில் தேன் மாதிரி வடிந்து, பிறகு மணிக்குப் பதிலாகக் கறுத்த காளான் கட்டி நிற்கும். பத்து லிட்டர் தண்ணீரில் ஒரு கிலோ உப்பைக் கரைத்து விதையை அதில் கொட்டினால், நோய் கண்டது மிதக்கும், நல்லது அடியில் தங்கும். ஐரோப்பாவில் ரை என்கிற தானியத்தில் வரும் அதன் உறவுக்காரக் காளானின் பெயர் எர்காட். அந்த எர்காட் சரக்கிலிருந்து வேதியியலார் பிரித்தும் திருத்தியும் எடுத்த மருந்துகளில் முக்கியமாக நாலு பார்க்கின்சனுக்கு வந்தன: புரோமோகிரிப்டின், லிசுரைடு, பெர்கோலைடு, கேபர்கோலின். உடம்பின் அசைவை நடத்தும் டோபமின் என்கிற ரசாயனம் மூளையில் செய்யும் வேலையை அவை நடித்துக் காட்டும். கை கால் இளகும். சங்கடம் என்னவென்றால் அவை டோபமின் கதவோடு நிற்பதில்லை. லிசுரைடு நீங்கலாக மற்றவை, செரட்டோனின் என்கிற இன்னொரு ரசாயனத்துக்கு உரிய 5-எச்.டி.2பி என்கிற ஏற்பியையும் போய்த் தட்டுகின்றன. நார்த்திசுவை உண்டாக்கும் அணுக்கள் அதைக் கேட்டு வேலையைத் தொடங்கிவிடும். நுரையீரல் உறை தடிக்கும், நீர் கோக்கும், நுரையீரலுக்குள் தழும்பு விழும். வயிற்றின் பின்புறத்தில் அதே தழும்பு சிறுநீர்க் குழாயை நெரிக்கும். இதய வால்வு தடித்து, மூடாமல் கசியும்.

இது புதுச் செய்தியும் அல்ல. புரோமோகிரிப்டினால் நுரையீரல் உறை பாதிக்கப்படுவதை 1981 இலேயே மருத்துவ இதழில் எழுதிவிட்டார்கள். உலகம் விழித்தது 2007 சனவரியில், இதய வால்வு பற்றிய இரண்டு ஆய்வுகள் ஒரே இதழில் வந்தபோது. அவற்றில் இத்தாலியில் நடந்ததன் கணக்கு இது: கவலைப்பட வேண்டிய அளவு வால்வுக் கசிவு, பெர்கோலைடு சாப்பிட்டவர்களில் 23.4 சதவீதம், கேபர்கோலினில் 28.6 சதவீதம், எர்காட் அல்லாத மருந்து சாப்பிட்டவர்களில் ஒருவருக்கும் இல்லை. அந்த வருடம் மார்ச்சிலேயே அமெரிக்கச் சந்தையிலிருந்து பெர்கோலைடை எடுத்துவிட்டார்கள். அடுத்த வருடம் ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டாளர்கள் பார்க்கின்சனுக்கான கேபர்கோலினை நாளொன்றுக்கு 3 மில்லிகிராம், புரோமோகிரிப்டினை 30 மில்லிகிராம் என்று வரம்பு கட்டினார்கள். கேபர்கோலினுக்கு, தொடங்கும் முன்பே எக்கோ என்கிற இதய ஸ்கேன் எடுக்கவும் சொன்னார்கள்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். பால் சுரக்கவைக்கும் புரோலாக்டின் அதிகமான பெண்களுக்கு இதே கேபர்கோலினைத் தருகிறார்கள். என் தங்கை இந்தக் கதையைக் கேட்டுப் பதறிப்போய் அழைத்தாள். அது வாரத்துக்குப் பெரும்பாலும் ஒரு மில்லிகிராமுக்குள் முடிகிற கணக்கு. பார்க்கின்சனில் அதைவிடப் பல மடங்கு, தினமும். இரண்டையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது.

இனி வழிகள்.

முதல் வழி, அளவைக் குறைத்துக்கொண்டு அதே மாத்திரையில் தொடர்வது. அப்பச்சிக்கு இதுதான் பிடித்தது. "பாதியாக் குறைச்சுக்குவோம், பழகுன மருந்து" என்றார். பழகின மருந்து என்ற பேச்சுக்கு எங்கள் பக்கம் மதிப்பு அதிகம். ஆனால் தழும்பு விழத் தொடங்கிய பிறகு குறைத்துக்கொண்டு தொடர்வது, கறையான் ஏறின பர்மாத் தேக்குத் தூணுக்கு வார்னிஷ் அடிக்கிற வேலை. நெஞ்சில் நீரோ தழும்போ கண்டபின் எர்காட் வகையைத் தொடரக் கூடாது என்பதில் நாங்கள் பார்த்த மருத்துவர்கள் எல்லாரும் ஒரே பேச்சாக இருந்தார்கள். வேறு எதிலும் அவர்கள் ஒத்துப்போகவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நெஞ்சு சுத்தமாக, எந்தத் தொந்தரவும் இல்லாமல் பல வருடமாக அதே மருந்தில் இருப்பவர்கள் உண்டு. அவர்கள் பதற வேண்டியதில்லை. ஆனால் எக்ஸ்-ரே, எக்கோ, ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் இ.எஸ்.ஆர்., சிறுநீரகத்துக்குக் கிரியாட்டினின் நான்கையும் பார்த்து வைத்துக்கொண்டு, மாறுவது பற்றி அடுத்த சந்திப்பிலேயே கேட்கலாம். என் கணிப்பில், எர்காட் அல்லாத மருந்து கிடைக்கிற இந்தக் காலத்தில் புதிதாக ஒருவருக்கு எர்காட் வகையைத் தொடங்க நியாயமே இல்லை.

இரண்டாவது, பயத்தில் அன்றைக்கே எல்லாவற்றையும் நிறுத்துவது. இதை வழி என்று எண்ணவே கூடாது, ஆனால் வீடுகளில் நடப்பது இதுதான். பார்க்கின்சன் மருந்தைச் சட்டென்று நிறுத்தினால் உடம்பு மரக்கட்டையாகி, காய்ச்சல் கொதித்து, நினைவு தப்பி, உயிருக்கே ஆபத்தாகலாம். டோபமின் போல நடிக்கும் மருந்தை வெட்டினால் பதற்றம், வியர்வை, மனச்சோர்வு என்று தனியாக ஒரு தொல்லை உண்டு. குறைப்பதற்குப் படிகள் இருக்கின்றன. அப்பச்சிக்கு மூன்று வாரத்தில் இறக்கினார்கள், இன்னொரு பக்கம் வேறொன்றை ஏற்றிக்கொண்டே.

அந்த வேறொன்று எது என்பதுதான் உண்மையான கேள்வி.

உடம்புக்குள் போய் டோபமினாகவே மாறும் லெவோடோபாவை ஏற்றுவது ஒன்று. அப்பச்சி ஏற்கெனவே அதைச் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார். மருத்துவர்கள் மாற்றுவதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: 100 மில்லிகிராம் லெவோடோபாவுக்குச் சமம் சுமார் 10 மில்லிகிராம் புரோமோகிரிப்டின், ஒன்றரை மில்லிகிராம் கேபர்கோலின், ஒரு மில்லிகிராம் பிராமிபெக்ஸால், 5 மில்லிகிராம் ரோபினிரோல். அதன்படி அப்பச்சியின் 20 மில்லிகிராமுக்கு ஈடு 200 மில்லிகிராம் லெவோடோபா. அவ்வளவுதானா என்று எங்களுக்கே ஆச்சரியம். ஆறு வருடமாக நெஞ்சுக்குள் வேலை பார்த்த மருந்தின் பலனை இரண்டு மாத்திரையில் ஈடுகட்டிவிடலாம்.

பட்டையைத் திருப்பிப் பாருங்கள். 110 என்றிருந்தால் 100 லெவோடோபாவும் 10 கார்பிடோபாவும் (லெவோடோபா மூளைக்குப் போகும் முன் வீணாகாமல் காக்கும் துணைச் சரக்கு). 125 என்றால் 100-உம் 25-உம். கார்பிடோபா ஒரு நாளைக்கு 70 மில்லிகிராமாவது சேரவில்லை என்றால் குமட்டல் வரும். "இந்த மருந்து ஒத்துக்கல" என்று பலர் கைவிடுவது லெவோடோபாவை அல்ல, கார்பிடோபா குறைவாக இருந்த கலவையை.

லெவோடோபாவுக்கு எதிராகச் சொல்லப்படுவது, வருடம் போகப் போக மருந்தின் வேகம் சீக்கிரம் இறங்கும், உடம்பு தானாக நெளியும் என்பது. உண்மைதான். நாலைந்து வருடத்தில் ஏறக்குறைய பத்தில் நான்கு பேருக்கு அந்த நெளிவு வருகிறது என்பது பழைய கணக்கு. இளம் வயதில் நோய் கண்டவர்களுக்கு இன்னும் அதிகம், எழுபது தாண்டித் தொடங்கியவர்களுக்குக் குறைவு. இதற்குப் பயந்துதான் லெவோடோபாவைத் தள்ளிப்போடும் பழக்கம் வந்தது. புதிதாக நோய் கண்ட 1,620 பேரை வைத்துப் பிரிட்டனில் நடத்திய ஆய்வு 2014 இல் வெளியானது. லெவோடோபாவில் தொடங்கியவர்களின் நடமாட்டம், மற்ற வகைகளில் தொடங்கியவர்களைவிடச் சற்று நன்றாகவே இருந்தது. வித்தியாசம் பெரிது அல்ல, ஆனால் "கடைசிவரை வைத்திருந்து தர வேண்டிய மருந்து" என்ற எண்ணம் அதோடு பலவீனப்பட்டது.

சாப்பாட்டுத் தொல்லையும் ஒன்று உண்டு. புரதமும் லெவோடோபாவும் குடலில் ஒரே வாசலில் முண்டும். ஆடி மாதம் கும்மாயம் கிண்டிய அன்று அப்பச்சி இரண்டு கிண்ணம் சாப்பிட்டுவிட்டு மேலேயே மாத்திரையைப் போட்டுக்கொண்டார். உளுந்தும் பாசிப்பருப்புமாக அதில் புரதம் நிறைய. மத்தியானம் முழுக்க நாற்காலியோடு ஒட்டிக்கொண்டார். இப்போது மாத்திரை சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு, இல்லாவிட்டால் ஒரு மணி நேரம் பின்பு. கும்மாயம் ராத்திரிக்கு.

இன்னொரு பக்கம் எர்காட் அல்லாத நடிப்பு மருந்துகள்: பிராமிபெக்ஸால், ரோபினிரோல், தோலில் ஒட்டும் ரோட்டிகோடின். டோபமின் கதவைத் தட்டும், அந்த 5-எச்.டி.2பி கதவை அனேகமாகத் தொடாது. அதனால் நெஞ்சும் வால்வும் பிழைத்தன. புரோமோகிரிப்டினிலிருந்து மாறுவதற்கு மிக நேரான பாதை இதுதான், ஒரே வேலைக்காரனுக்குப் பதில் அவன் தம்பி. முதலில் பார்த்த நரம்பு மருத்துவர் இதைத்தான் எழுதினார். பட்டையை வாங்கிக்கொண்டும் வந்துவிட்டேன்.

என்னை நிறுத்தியது பங்காளி வீட்டு அண்ணன் கதை. அவருக்கு 52 வயதில் நோய் கண்டு பிராமிபெக்ஸால் தொடங்கினார்கள். நடுக்கம் அடங்கிற்று. இரண்டாவது வருடம் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் போய்ப் பீங்கான், எனாமல் அடுக்கு, பழைய பூட்டு என்று வாங்கிக் குவிக்கத் தொடங்கினார். கலை ஆர்வம் என்று எல்லாரும் மெச்சினோம். பத்தாயக் கட்டு நிரம்பியது. ராத்திரி இரண்டு மணிக்குக் கைபேசியில் ரம்மி ஆடிக்கொண்டிருந்ததை அவர் வீட்டு ஆச்சி பார்த்தபோதுதான் சந்தேகம் வந்தது. அந்த வகை மருந்து சாப்பிடுகிறவர்களில் 17 சதவீதம் பேரிடம் சூதாட்டம், வாங்கிக் குவித்தல், அளவுமீறிய தீனி, அடங்காத காமம் போன்று ஏதாவது ஒன்று இருந்ததாக 2010 இல் வெளியான, 3,090 நோயாளிகளைக் கொண்ட ஆய்வு சொல்கிறது. சாப்பிடாதவர்களில் அது 7 சதவீதத்துக்கும் கீழே. மருந்தைக் குறைத்ததும் அண்ணனுக்கு அந்த வெறி இறங்கியது. பூட்டுகள் மட்டும் இன்னும் இருக்கின்றன.

வேறு தொல்லைகளும் உண்டு: பேசிக்கொண்டிருக்கும்போதே தூங்கிவிழுவது, கால் வீக்கம், எழுந்து நின்றால் ரத்த அழுத்தம் சரிவது, இல்லாத ஆட்கள் கண்ணுக்குத் தெரிவது. எழுபது தாண்டினவர்களுக்குக் கடைசி இரண்டும் கொடுமை. பிராமிபெக்ஸால் சிறுநீரகம் வழியே போகிறது, கிரியாட்டினின் ஏறியிருந்தால் அளவைக் குறைக்க வேண்டும். ரோபினிரோல் கல்லீரல் வழியே. சிப்ரோபிளாக்சசின் சேர்ந்தால் ரோபினிரோல் ரத்தத்தில் ஏறிவிடும், ஆகவே சளி, சிறுநீர்த் தொற்று என்று எந்த மருத்துவர் எழுதினாலும் சொல்லிவிட வேண்டும்.

மூன்றாவதாகத் துணை மருந்துகள். ராசாஜிலின் லேசானது, ஒரு வேளை போதும், தனியாக நின்று 20 மில்லிகிராம் புரோமோகிரிப்டினை ஈடுகட்டாது. என்டகபோன் லெவோடோபாவின் ஆயுளை நீட்டும், சிறுநீரைச் செம்மஞ்சளாக்கும் (பயப்பட ஒன்றுமில்லை). அமன்டடின் உடல் நெளிவுக்கு நல்லது, காலில் வலைபோல ஊதா நிறம் படரவிடும். டிரைஹெக்ஸிபெனிடிலை வயதானவர்களுக்கு நான் கேட்கவே மாட்டேன், வாய் வறளும், மூத்திரம் அடைக்கும், புத்தி தடுமாறும். மூளை அறுவைச் சிகிச்சையைப் பற்றி நெஞ்சில் நீரோடு இருக்கும் 74 வயதுக்காரர் விஷயத்தில் நீட்டிப் பேச ஒன்றுமில்லை.

பூனைக்காலி விதைப் பொடியைப் பற்றி ஊரில் பத்துப் பேராவது சொன்னார்கள். அதில் நிஜமாகவே லெவோடோபா இருக்கிறது, மூடநம்பிக்கை இல்லை. ஆனால் ஒரு கரண்டிப் பொடியில் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது, கூடவே கார்பிடோபாவும் இல்லை. மாத்திரையோடு சேர்த்து ரகசியமாகப் போட்டால் அளவு தாறுமாறாகும். விரும்பினால் மருத்துவரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள், சொல்லாமல் வேண்டாம்.

எங்கள் தீர்மானத்துக்கு நான் பிடித்துக்கொண்ட அளவுகோல் ஒன்றே ஒன்று. எல்லா மருந்துக்கும் தீங்கு உண்டு. எதன் தீங்கு திண்ணையில் உட்கார்ந்திருக்கிறவர் கண்ணுக்குத் தெரியும்? லெவோடோபாவால் வரும் நெளிவை ஆத்தா பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார். வேகம் எத்தனை மணிக்கு இறங்குகிறது என்பதும் தெரியும். பிராமிபெக்ஸாலின் தீங்கு பாதி தெரியும், பாதியை நோயாளியே மறைப்பார். புரோமோகிரிப்டினுடையது நெஞ்சுக்குள் ஆறு வருடம் யாருக்கும் தெரியாமல் நடந்தது. அதனால் லெவோடோபாவை ஏற்றி, கூட ராசாஜிலின் என்று இரண்டாவதாகப் பார்த்த நரம்பு மருத்துவர் சொன்னதை ஏற்றோம். பங்காளி அண்ணன் வயதும் வேலையும் இருந்திருந்தால் வேறு மாதிரி முடிவெடுத்திருப்பேன்: குறைந்த அளவில் ரோபினிரோல், வங்கிக் கணக்கு ஆச்சி கையில்.

மூச்சு முட்டுவதெல்லாம் மாத்திரையால்தான் என்று நினைத்துவிடவும் கூடாது. லெவோடோபா இறங்கும் நேரத்தில் மூச்சு இறுகி, அடுத்த வேளை ஏறியதும் சரியானால் அது நோயின் வேலை. சாப்பிட்டு இருமி, மறுநாள் காய்ச்சல் வந்தால் உணவு நுரையீரலுக்குள் போயிருக்கலாம். பார்க்கின்சன்காரர்களின் உயிரை அதிகம் குடிப்பது அந்த நிமோனியாதான். படுத்ததும் மூச்சு முட்டினால் இதயத்தைப் பார்க்க வேண்டும். வாரக்கணக்கில், ஓசையில்லாமல், நடக்கிற தூரம் சுருங்கிக்கொண்டே வந்தால் மாத்திரைப் பையைக் கொட்டுங்கள். அதில் இதயத் துடிப்புக்கான அமியோடரோனோ சிறுநீர்த் தொற்றுக்கான நைட்ரோபியூரன்டாயினோ இருந்தாலும் கேளுங்கள். அவையும் நுரையீரலில் தழும்பு போடக் கூடியவை.

ஐந்து மாதத்தில் நீர் வற்றிவிட்டது. வலது அடிப்பகுதியில் உறை தடித்தது தடித்ததுதான், அது போகாது என்றார்கள். எக்கோவில் சின்னக் கசிவு ஒன்று இருக்கிறது, வருடத்துக்கு ஒரு தடவை பார்க்க வேண்டும். நடையில் விலை கொடுத்தோம் என்பதையும் ஒளிக்காமல் சொல்கிறேன். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் நிலைப்படியில் கால் ஒட்டிக்கொள்கிறது. வளவுக்குள் இறங்கிவிட்டால் தொல்லை இல்லை. ஆத்தங்குடிப் பூக்கல்லில் ஒரு பூவிலிருந்து அடுத்த பூவுக்குக் கால் வைக்கச் சொல்லி இயன்முறை மருத்துவர் கற்றுக்கொடுத்தார். கோடோ பூவோ கண்ணுக்குத் தெரிந்தால் உறைந்த கால் நகர்கிறது. தாத்தா காலத்தில் அழகுக்காகப் பதித்த கல்.

மாத்திரை டப்பா மூடியில் ஆத்தா என்னை எழுதி ஒட்டச் சொன்னார்: "எர்காட் வகை எதுவும் வேண்டாம். புரோமோகிரிப்டின், கேபர்கோலின், ஒற்றைத் தலைவலிக்கு எர்கோடமின், மூன்றும் கூடாது." எழுதிக் காட்டினேன். கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இன்னும் பெருசா எழுதுப்பா, ராத்திரியில எனக்குத் தெரியணும்ல" என்றார்.